ஆடும் பிரிட்ஜும் ஆடாத பிரிட்ஜும்

போன வாரம் பிருந்தா போன் செய்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த இசைக்கருவிக் கடையில், என் பெஞ்சில் இப்போது அவள்தான் உட்கார்ந்து கிடார் ரிப்பேர் பார்க்கிறாள். நல்ல கை, என்னைவிட வேகம். அவளுக்கு ஒரே ஒரு தொந்தரவு. எலெக்ட்ரிக் கிடார் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ட்ரெமலோ பிரிட்ஜ் நல்லதா, ஃபிக்ஸட் பிரிட்ஜ் நல்லதா என்று கேட்கிறார்களாம். "நீங்க என்னக்கா சொல்லுவிய?" என்றாள்.

பதில் சொல்ல ஆரம்பித்தேன். அடுப்பில் வைத்திருந்த பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்த பிறகுதான் போனை வைத்தேன். அப்போதும் சொல்ல வேண்டியதில் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. மீதியை எழுதி அனுப்பச் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

கிடாரைத் தொட்டே பார்க்காதவர்கள் யாராவது இதைப் படித்தாலும் படிக்கலாம். அவர்களுக்காக ஒரு வார்த்தை. கிடாரின் ஆறு ஸ்ட்ரிங்குக்கும் ஒரு முனை தலைப்பக்கம் முறுக்காணியில் சுற்றியிருக்கும். மறுமுனை வந்து நிற்கிற இரும்புத் துண்டுதான் பிரிட்ஜ். ஃபிக்ஸட் பிரிட்ஜ் என்றால் அதைக் கிடாரின் உடம்பான கட்டையோடு திருகி இறுக்கியிருப்பார்கள், அசையாது. ட்ரெமலோ பிரிட்ஜ் அசையும். முன்பக்கம் ஆறு ஸ்ட்ரிங்கும் அதை ஒரு பக்கமாக இழுக்கும். கிடாரின் முதுகில் ஒரு குழி வெட்டி அதற்குள் போட்டிருக்கும் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்புக்கும் நடுவில் அது தராசுத் தட்டு போல நிற்கும். அதிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதை பார் என்போம். வலது கையால் பாரை அமுக்கினால் ஸ்ட்ரிங்குகள் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு ஏறிவரும். மெதுவாக ஆட்டினால் பாடுகிறவர் குரல் இழைவது மாதிரி இருக்கும்.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் நாலு வருஷம் இருந்தேன். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் பிடித்துக்கொண்டது. டாக்டர் தறிப்பக்கமே போகாதே என்றார். அப்போது கடையில் பில் எழுத ஆள் தேடினார்கள். ஆறு மாதம் பில் எழுதினேன். ரிப்பேர் பார்த்தவர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் அவசரம் என்று நின்றபோது, அறுந்த ஸ்ட்ரிங்கை நான் மாற்றிக் கொடுத்தேன். அறுந்த இழையைப் பார்க்காமலே முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்களுக்கு அது பெரிய காரியமாக இல்லை. முதலாளி தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பில் புத்தகத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். வேலையைக் கற்றுக்கொண்ட ரெண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கெடுத்தேன், சரிசெய்தேன், மறுபடி கெடுத்தேன்.

முதலாளி வெங்கட்ராஜா சார் ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கடையில் தமிழ்தான், ஆனால் யாராவது ஸ்க்ரூவை வேகமாகத் திருகினால் மட்டும் "மெல்லகா, மெல்லகா" என்பார். வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் பாக்கெட்டில் எப்போதும் சுருதி பார்க்கிற ஒரு ட்யூனிங் ஃபோர்க். ரிப்பேருக்கு வந்த கிடாரை அவர் உடனே கையில் வாங்கமாட்டார். கொண்டுவந்தவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, "செத்த நேரம் வாசிங்க" என்பார். கிடார் கெட்டுப்போச்சு, எப்படி வாசிக்க என்று கேட்டால், கெட்டதையே வாசிங்க, கேக்கணும் என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கிடாரைவிட அதை வாசிக்கிறவரின் கை எங்கே இருக்கிறது, எங்கே அழுந்துகிறது என்பதுதான் முக்கியம் என்பது அவர் கணக்கு. அதற்குப் பிறகும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் கூடாது. ஒரு துண்டு அட்டையில், வந்தபோது எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். ஸ்ட்ரிங் எவ்வளவு உயரம், பிரிட்ஜுக்கும் கட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, பின்னால் எத்தனை ஸ்பிரிங். அந்த அட்டையை நூலால் கிடாரின் கழுத்தில் கட்டிவிட வேண்டும். பிழைத்தாலும் கெட்டாலும் வந்த நிலைக்குத் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும் என்பார்.

அந்த அட்டையின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு ட்ரெமலோ கிடாரில். பெஞ்சுக்கு வந்த முதல் வருஷம். மெல்லிசைக் குழு ஒன்றின் கிடார் சுத்தம் செய்ய வந்திருந்தது. அதுவரை நான் தொட்டதெல்லாம் ஃபிக்ஸட் பிரிட்ஜ். அதில் ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒரே சமயத்தில் கழற்றிவிட்டு, துடைத்துவிட்டு, புதிது மாட்டினால் ஒன்றும் ஆகாது. இதிலும் அப்படியே கழற்றினேன். ஆறாவது ஸ்ட்ரிங்கை எடுத்த உடனே பிரிட்ஜ் சடக்கென்று பின்னால் சாய்ந்து குழிக்குள் இறங்கியது. எதிரே இழுக்க ஒன்றுமில்லையே. புது ஸ்ட்ரிங் போட்டு முறுக்கினேன். தடித்த ஸ்ட்ரிங்கைச் சரியான சுருதிக்குக் கொண்டுவந்தால் மெல்லிசு தளர்ந்துவிடும். மெல்லிசு ஸ்ட்ரிங்கை ஏற்றினால் நடு இரண்டும் இறங்கிவிடும். காலையில் ஆரம்பித்தேன், சாயந்தரம் நாலு மணிக்கும் ஆறு ஸ்ட்ரிங்கும் ஒன்று சேரவில்லை. நான் மறைவில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கிடாருக்குச் சொந்தக்காரர் வந்து நின்றபோது, தப்பு எங்க பக்கம், நாளைக்குக் காலையில நானே கொண்டாந்து தாரேன் என்று சார் சொல்லி அனுப்பினார். என்னிடம் சத்தம் போடவில்லை. அந்த அட்டையை எடுத்து, நடந்ததை அதில் என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கிழித்து மடித்து, பிரிட்ஜின் அடியில் சொருகி, பழைய உயரத்துக்கு அதை நிமிர்த்தி நிறுத்தினார். இனி முறுக்கு என்றார். பிரிட்ஜ் அசைய வழியில்லாததால் அரை மணி நேரத்தில் சுருதி சேர்ந்துவிட்டது. பத்திரிகையை உருவிவிட்டு, பின்னால் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, அட்டையில் இருந்த அளவுக்குக் கொண்டுவந்தோம். அன்றிலிருந்து ட்ரெமலோவில் ஒரு ஸ்ட்ரிங்கைக் கழற்றினால் அதற்குப் புதிது போட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன்.

பிருந்தா, நீ கேட்டதற்கு வருகிறேன். ஃபிக்ஸடில் கச்சேரி நடுவே ஒரு ஸ்ட்ரிங் அறுந்தாலும் மற்ற ஐந்தும் நின்ற இடத்தில் நிற்கும், பாட்டை முடித்துவிடலாம். அந்தரத்தில் நிற்கிற ட்ரெமலோவில் ஒன்று அறுந்தால் தராசு சாய்ந்துவிடும், மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும், மேடையில் ஒன்றும் செய்ய முடியாது. ஃபிக்ஸடில் உள்ளங்கையை பிரிட்ஜில் ஊன்றிக்கொண்டு வாசிக்கலாம். ட்ரெமலோவில் ஊன்றினால் சுருதி எகிறும். சித்திரை வெயிலில் வேனில் வந்து இறங்கிய கிடார்களில், சுருதி சேர்க்க ஃபிக்ஸடுக்கு ஒரு நிமிஷம், ட்ரெமலோவுக்குப் பத்து நிமிஷம் என்று நான் மனசில் வைத்திருப்பேன். இதையெல்லாம் வைத்துத்தான் பல வருஷம், கேட்டவர்களுக்கெல்லாம் ஃபிக்ஸடே வாங்குங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்வதை நான் நிறுத்தியது ஜெபராஜால்.

ஜெபராஜ் சேத்தூர்க்காரர். நூல் மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு தேவாலயத்தில் கிடார், முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவில் கிடார். அவரிடம் இருந்தது ஒரு ஃபிக்ஸட் பிரிட்ஜ் கிடார், செம்மண் நிறம். அவர் இடது கை மோதிர விரல் ஸ்ட்ரிங்கை அழுத்தி அப்படியே மேலே தள்ளினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு ஏறும். நாதஸ்வரத்தில் கேட்கிற இழைப்பு அந்தக் கட்டையிலிருந்து வரும். ஸ்ட்ரிங் வாங்கக் கடைக்கு வந்தால் அரை மணி நேரம் வாசிக்காமல் போகமாட்டார். சாமான் வாங்க வந்தவர்கள் நின்றுவிடுவார்கள். ட்ரெமலோ கிடார்கள் தொங்குகிற பக்கம் கையைக் காட்டி, விரல் வேலை தெரியாதவனுக்குத்தான் அந்தக் கம்பி என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில், மில்லில் ஷிப்ட் முடிந்து பைக்கில் போகும்போது சேத்தூர் ரோட்டில் மயில் ஒன்று குறுக்கே பறந்ததில் விழுந்தார். தலைக்கு ஒன்றுமில்லை. இடது கை மணிக்கட்டில் தசைநார் அறுந்து, மதுரையில் ஆபரேஷன். எட்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். தோளில் கிடார் பை. கூட அவர் மனைவி எஸ்தர், பையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கிடாரை நீங்களே வச்சு யாருக்காவது கொடுத்திருங்க என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"இது தொங்குற வீட்டுல என்னால இருக்க முடியலக்கா."

சார் எழுந்து வந்தார். வழக்கம் போல ஸ்டூலைக் காட்டி, செத்த நேரம் வாசிங்க என்றார். எனக்கு அப்போது அவர் மேல் கோபமே வந்தது. விற்க வந்த மனுஷனிடம் அந்தப் பழக்கத்தைக் காட்ட வேண்டுமா? ஜெபராஜ் மறுக்கவில்லை. உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வேலை செய்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் ஸ்ட்ரிங்கைத் தொட்டன, அழுத்தின, ஆனால் ஸ்ட்ரிங்கைத் தள்ளவோ நடுங்க விடவோ முடியவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் அடித்த ஆணி மாதிரி தனித்தனியாக நின்றது. நாலு வரி வாசித்துவிட்டு நிறுத்தினார். எஸ்தர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வருகிறவர்கள் வாசித்துப் பார்க்கவென்று கடையில் ஒரு ட்ரெமலோ கிடார் வைத்திருந்தோம். அதை எடுத்து ஜெபராஜ் மடியில் வைத்தது நான்தான். அவர் வலது கையில் ஒரு குறையும் இல்லை. இடது கை தள்ள முடியாததை வலது கை பாரை அசைத்துச் செய்யலாமே என்று தோன்றியது. அவர் பாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரெண்டு பேருக்கும் ஒரே விஷயம்தான் ஞாபகம் வந்திருக்கும். அவர்தான் வாயைத் திறந்தார்.

"விரல் வேலை தெரியாதவனுக்குத்தான் இந்தக் கம்பின்னேன். கர்த்தர் கேட்டுட்டாரு போல."

யாரும் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று எழுந்துவிட்டார். எஸ்தர்தான் அவர் தோளைத் தொட்டு, ஒரு மாசம் வீட்டுல வச்சுப் பாருங்களேன் என்றாள். சார் உடனே சரி என்றார். கையெழுத்துக்கூட வாங்காமல் கடைக் கிடாரைக் கொடுத்தனுப்பினார். செம்மண் நிறக் கிடாரை விற்கவும் இல்லை. அட்டை கட்டி உள்ளே மாட்டி வைத்தோம்.

முதல் வாரத்திலேயே திரும்பி வந்தார். சுருதி நிற்கவே இல்லை என்றார். வாசிக்கச் சொன்னேன். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை, அவர் வலது கையையே பார்த்தேன். இருபது வருஷம் ஃபிக்ஸட் பிரிட்ஜில் ஊன்றிப் பழகிய உள்ளங்கை, இங்கேயும் போய் ஊன்றிக்கொண்டது. ஊன்றும்போதெல்லாம் பிரிட்ஜ் பின்னால் சாய்ந்து சுருதி ஏறியது. கையை மாற்றுங்க என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? ஏற்கெனவே ஒரு கையை மாற்றிக்கொண்டவர். அதனால் கிடாரை மாற்றினேன். பின்னால் ஸ்பிரிங்கைக் கூட்டி இறுக்கி, பிரிட்ஜைக் கட்டையோடு படிய வைத்தேன். இப்போது பாரை அமுக்கினால் சுருதி இறங்கும், ஆனால் பிரிட்ஜ் பின்னால் சாயாது. உள்ளங்கையை எவ்வளவு ஊன்றினாலும் அசையாது. ஒரு ஸ்ட்ரிங் அறுந்தாலும் மற்றவை ஏறாது. பலவீனமான விரல்களுக்கு லேசாக இருக்கட்டும் என்று மெல்லிசு ஸ்ட்ரிங் செட் போட்டேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. பார் இறக்கத்தான் செய்யும், ஏற்றாது. ஜெபராஜின் உயிரோ ஏறிவருகிற இழைப்பில் இருந்தது. ரெண்டு நாள் நானே அதை வைத்து முயன்றேன். பாரை முதலிலேயே கொஞ்சம் அமுக்கி வைத்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கைத் தட்டி, பிறகு மெதுவாக விட்டால், ஸ்வரம் கீழேயிருந்து எழுந்து தன் இடத்துக்கு வந்து உட்காரும். அதை ஜெபராஜுக்குச் செய்து காட்டினேன். கிடாரை வாங்கி, அதே மாதிரி ஒரே ஒரு ஸ்வரத்தை முப்பது தடவையாவது வாசித்திருப்பார்.

மாதம் முடிந்து வந்தபோது அவருக்கு இழைப்பு வந்திருந்தது. ஆனாலும் முகம் சரியில்லை. இந்தக் கிடாரின் கழுத்து, நாங்கள் நெக் என்று சொல்கிற நீளப் பகுதி, கைக்கு அந்நியமாக இருக்கிறது, இருக்கிற ரெண்டு விரலும் வழி தடுமாறுகின்றன என்றார். தன் கிடாரிலேயே குழி வெட்டி ட்ரெமலோவை இறக்கிக் கொடுக்கச் சொன்னார். நாங்கள் செய்யாவிட்டால் ராஜபாளையத்தில் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

முழுக்கட்டையில் முன்னும் பின்னும் துளைத்துக் குழி வெட்டினால் அது திரும்ப மூடாது. வெட்டின பிறகு சத்தம் மாறிவிட்டால்? அவர் கை பின்னால் சரியாகிவிட்டால்? நான் சாரைப் பார்த்தேன். இம்மாதிரி விஷயத்தில் கடைசி வார்த்தை எப்போதும் அவருடையது. ஜெபராஜ் கிடார் ரெண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார். சார் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அவர் சொன்னது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது.

"ஜெபராஜ், எனக்கு மெல்லிசு ஸ்ட்ரிங் சத்தம் இப்பல்லாம் சரியா விழல. ஆறு மாசமா நான் சுருதி சேத்து வைக்கிறத இந்தம்மா எனக்குத் தெரியாம திருத்தி வைக்கா. தெரியாமன்னு அவ நெனப்பு. இதுல நான் சொன்னா தப்பாப் போகும். மாரிதான் சொல்லணும்."

என் பெயர் முத்துமாரி. வாடிக்கையாளர் முன்னால் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் மதிய சாப்பாட்டுக்குப் போனதும் நான் பெஞ்சில் இருந்த இன்னொரு ஃபோர்க்கை வைத்துச் சரிபார்த்து, கால் முறுக்கு ஏற்றியோ இறக்கியோ வைப்பேன். பெரிய மனுஷன் மனசு நோகக் கூடாதே என்றுதான். அவர் எல்லாம் தெரிந்தே சாப்பாட்டுக்குக் கொஞ்சம் சீக்கிரமே போயிருக்கிறார்.

ஜெபராஜிடம் ரெண்டு நாள் அவகாசம் கேட்டேன். முதல் நாள் வெட்டுவது என்றே முடிவு செய்தேன். செம்மண் கிடாரின் ஸ்ட்ரிங்கைக் கழற்றி, நெக்கின் நாலு ஸ்க்ரூவையும் எடுத்து, நெக்கைத் தனியே வைத்துவிட்டு, கட்டையைப் பெஞ்சில் படுக்கவைத்து வெட்ட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். டிரில்லில் பிட்டை மாட்டினேன். கை ஓடவில்லை. தள்ளி வைத்திருந்த நெக்கை எடுத்துப் பார்த்தேன். அதன் முதுகில், பெருவிரல் ஓடுகிற இடத்தில், பாலிஷ் தேய்ந்து மரம் வழவழவென்று வெளியே தெரிந்தது. ஜெபராஜ் பேசும்போதெல்லாம் அவர் பெருவிரல் அந்த இடத்தைத்தான் தடவிக்கொண்டிருக்கும். அவர் கைக்குத் தெரிந்தது இந்த நெக். குழி விழ வேண்டியது கட்டையில். ரெண்டும் நாலே ஸ்க்ரூவில் பிரிகிற பொருள். அப்புறம் எதற்கு வெட்டுவது?

கடை ட்ரெமலோ கிடாரின் நெக்கைக் கழற்றினேன். ஜெபராஜின் நெக்கில் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் ஏறி நிற்கிற நட் என்ற துண்டிலிருந்து பன்னிரண்டாம் கட்டம் வரை டேப்பால் அளந்தேன். அதே அளவு அங்கிருந்து பிரிட்ஜுக்கு வர வேண்டும். வந்தது. நெக் உட்காருகிற பள்ளத்தில் ஒரு பக்கம் பிடித்தது. பெயின்ட் தடித்துப் போயிருந்தது. பிளேடால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். நாலு துளையில் மூன்று சேர்ந்தன, ஒன்று அரை நூல் அளவு தள்ளி இருந்தது. நெக்கில் கை வைக்கவில்லை, கட்டையின் துளையைத்தான் கொஞ்சம் அகட்டினேன். சார் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. நாலாவது ஸ்க்ரூவை இறுக்கும்போது மட்டும் மெல்லகா என்றார். கடைக் கிடாராயிற்றே, உங்களைக் கேக்காமப் பிரிச்சிட்டேன் சார் என்றேன். இனி அது கடைக் கிடார் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். செம்மண் கட்டையில் இருந்த பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தேன்.

ஜெபராஜ் வந்து கிடாரை வாங்கினார். கட்டை வேறு நிறம் என்று பார்த்ததும் முகம் சுருங்கியது. இடது கை நெக்கைப் பிடித்ததும் அப்படியே நின்றார். பெருவிரல் தேய்ந்த இடத்துக்குத் தானாகப் போய்விட்டது. வேறெதுவும் கேட்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். எஸ்தர் அன்றும் வந்திருந்தாள். அவர் வாசிக்க ஆரம்பித்ததும், செம்மண் கட்டையைத் துணியில் சுற்றி என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கை ஒரு நாள் சரியானால் அதே நெக்கை அதில் மாட்டிவிடலாம், ஒரு துளைகூட அதில் விழவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

ரெண்டு மாதம் கழித்து அவர்கள் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுக்கிற நாள். மதியத்துக்கு மேல், காய்கறி, கோழி, தேங்காயெல்லாம் ஏலம் போட்டு முடிந்த பிறகு பாட்டு நிகழ்ச்சி. பாடகர் குழுத் தலைவருக்கு ஜெபராஜ் மேல் பாசம் உண்டு, நம்பிக்கை இல்லை. கூட ஒரு கீபோர்டை வைத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். ஜெபராஜ் ஒரே ஒரு பாட்டு, தனியாக என்றாராம். சாரும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போனோம். பந்தலில் இடமிருந்தும் சார் உட்காரவில்லை. ஓரமாக ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் போய் நின்று, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

முதல் வரி விறைப்பாகத்தான் வந்தது. ரெண்டாவது வரியில் அவர் வலது கை பாரை அமுக்குவது தெரிந்தது. விட்டார். அந்த ஸ்வரம் கீழேயிருந்து எழுந்து வந்தது. பழைய ஜெபராஜ் மாதிரி இல்லை. அது வேறு. முன்னால் அவர் ஸ்வரத்தைத் தள்ளிக்கொண்டு போவார், இப்போது அது வருவதற்காகக் காத்திருந்தார். பந்தலில் பேச்சுச் சத்தம் அடங்கியது. ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எஸ்தர் மட்டும் அழவில்லை. வாய்க்குள் பாட்டின் வரிகளைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரு வரி பிசகிவிடக் கூடாதே என்பது போல.

பாட்டு முடிந்ததும் ஜெபராஜ் மேடையிலிருந்து எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். சார் ஸ்பீக்கரிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

பிருந்தா, ட்ரெமலோவா ஃபிக்ஸடா என்று யார் கேட்டாலும் முதலில் அவர்களை வாசிக்கச் சொல். கை எங்கே ஊன்றுகிறது, எந்த விரல் முடியாமல் திணறுகிறது, எதற்காக ஏங்குகிறது என்று பார். அதற்குப் பிறகு எதைக் கொடுக்க வேண்டும் என்று உனக்கே தெரியும். இருபத்தாறு வருஷத்தில் நான் வைத்திருக்கிற பதில் இவ்வளவுதான். இதுவும் எனக்கு சார் கொடுத்தது.

பண்டிகை அன்று வெயில் தாழ்வதற்குள் ஊர் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தோம். ஜன்னலோர ஸீட்டில் சார், பக்கத்தில் நான். பஸ் ராஜபாளையத்தைத் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, நல்லா இருந்துச்சா என்றார். நல்லா இருந்துச்சு சார் என்றேன். எனக்குக் கையில அதிர்வுதாம்மா தெரிஞ்சுது, சத்தம் பாதிக்கு மேல விழல, எப்படி இருந்துச்சுன்னு சொல்லு என்றார்.

சொன்னேன். முதல் வரி பயத்தில் விறைத்து நின்றதைச் சொன்னேன். ரெண்டாவது வரியில் ஸ்வரம் எங்கேயிருந்து கிளம்பி எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது, சரணத்தில் மெல்லிசு ஸ்ட்ரிங்கில் அவர் எவ்வளவு நேரம் அதை நடுங்க விட்டார், கடைசியில் பாரைத் தொடாமல் எப்படி நேராக முடித்தார், எல்லாம் சொன்னேன். வாயால் சொல்ல முடியாத இடத்தில் பாடிக் காட்டினேன். முன் ஸீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சார் கண்ணை மூடிக்கொண்டு, கடையில் கேட்பது போலவே கேட்டார்.

முடித்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அந்த ரெண்டாவது வரிய இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.